ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லைங்காவ, ஆனா வலிப்பு வருதே?

வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்வி எல்லாமே வலிப்பு பத்தினதுதான். போன இதழ்ல ஒருத்தருக்கு ஈஈஜி, அதாவது மூளையில ஓடுற மின்சார அலைய பதிவு பண்ணுற பரிசோதனை, அத பத்தி நாலு வரி பதில் எழுதினேன், அதுக்கப்புறம் கடுதாசியும் வாட்ஸ்அப்புமா நிறைய வந்துட்டு, அதுல பாதிக்கு மேல "ரிப்போர்ட்ல இப்படி போட்டிருக்கு, அப்படின்னா என்ன"ன்னுதான் கேட்டிருக்காங்க. திரும்பவும் சொல்லிடுறேன், நான் டாக்டர் இல்ல. நாகர்கோவில் பக்கம் இருபது வருஷத்துக்கு மேல ஈஈஜி எடுக்குற டெக்னீசியன். தலையில வயரு ஒட்டி ஸ்கிரீன்ல ஓடுற அலைய பாக்குறதுதான் எனக்க வேலை. மாத்திரை எவ்வளவு, எப்ப கூட்டணும் குறைக்கணும்ங்கறதெல்லாம் உங்க நரம்பு டாக்டர்ட்டதான் கேக்கணும். அலைய பத்தி கேட்டா எனக்கு தெரிஞ்சத ஒளிக்காம சொல்லுதேன்.

கேள்வி: எனக்க வீட்டுக்காரருக்கு 34 வயசு, ரப்பர் பால்வெட்டு வேலை. ஆறு மாசமா, பேசிட்டு இருக்கும்போதே டக்குனு நின்னுருவாரு. கண்ணு ஒரே எடத்துல நிக்கும், வாய சப்பு கொட்டுவாரு, எடது கையால சட்டைய பிசைஞ்சிட்டே இருப்பாரு, வலது கை ஒரு மாதிரி முறுக்கிக்கிட்டு வெறைச்சு நிக்கும். ஒரு நிமிஷம், மிஞ்சி போனா ரெண்டு நிமிஷம். பெறவு கேட்டா ஒண்ணுமே ஓர்ம இல்லம்பாரு. ஈஈஜி எடுத்தோம், நார்மல்னு வந்துட்டு. "பேப்பர்லயே ஒண்ணும் இல்லேன்னு போட்டிருக்கு, நீதான் சும்மா பயப்படுத"ன்னு மாமியாரு சொல்லுதாவ. நான் பாத்தது பொய்யா? (குலசேகரம் பக்கத்துல இருந்து ஒரு வாசகி)

பதில்: அக்கா, நீங்க பாத்தது பொய் இல்ல. உங்க கடுதாசிய நான் மூணு தடவை வாசிச்சேன், ஏன்னா நாங்க மணிக்கணக்குல ஸ்கிரீன் முன்னாடி உக்காந்து தேடுற விஷயத்த நீங்க அடுக்களை வாசல்ல நின்னு பாத்து எழுதிட்டீங்க. அந்த "எடது கை பிசையுது, வலது கை முறுக்குது"ங்கற வரிய டாக்டர்ட்ட அப்படியே சொல்லுங்க, ஒரு எழுத்து கூட விடாதீங்க. எதுக்குன்னு கீழ சொல்லுதேன்.

முதல்ல அந்த நார்மல் விஷயம். ஒரு சாதாரண ஈஈஜி ஓடுறது 20 நிமிஷம், அரை மணி நேரம். ஒரு நாளைக்கு 1440 நிமிஷம் இருக்கு. அந்த அரை மணி நேரத்துல மூளை சும்மா இருந்துச்சுன்னா பேப்பர்ல நார்மல்னுதான் வரும், அது அந்த அரை மணி நேரத்த பத்தின சேதி மட்டும்தான், ஆளை பத்தின தீர்ப்பு இல்ல. வலிப்பு இருக்குற ஆட்கள்லயே முதல் தடவை எடுக்கும்போது ஏறத்தாழ பாதி பேருக்குத்தான் வலிப்புக்கான அலை மாட்டும். திரும்ப எடுத்து, தூங்க வச்சும் எடுத்தா அது 80 சதவீதம் வரைக்கும் கூடும். அப்பவும் சில பேருக்கு மாட்டாது.

இன்னொரு காரணம் எடம். உங்க வீட்டுக்காரருக்கு வர்ற மாதிரி வெறிச்சு பாக்குறது, சப்பு கொட்டுறது, துணிய பிசையுறது எல்லாம் பெரும்பாலும் டெம்போரல் லோப்ல இருந்து கிளம்புற ஃபோக்கல் வலிப்புல வரும். ஃபோக்கல்னா மூளையில ஒரு பக்கத்துல, ஒரு எடத்துல இருந்து தொடங்குறது. டெம்போரல்ங்கறது காதுக்கு மேல, நெத்திப்பொட்டுக்கு உள்பக்கமா இருக்குற பகுதி. அதோட உள்மடிப்புல ஹிப்போகேம்பஸ்னு ஒண்ணு இருக்கு, கடல்குதிரை மாதிரி வளைஞ்சு இருக்குறதால அந்த பேரு. புதுசா நடக்குறத ஓர்மையில பதிய வைக்கிறது அதுக்க வேலை. அங்க அலை கெட்டா அந்த ஒண்ணரை நிமிஷம் பதியாமலே போயிரும், அதனாலதான் அவரு ஓர்ம இல்லங்காரு, மறைக்கல்ல. அந்த எடம் ஆழத்துல இருக்கு, நாங்க வயரு ஒட்டுறது தலைத்தோல்ல. மேல இருக்குற மூளைப் பரப்புல ஏறத்தாழ 10 சதுர சென்டிமீட்டர், அதாவது ரெண்டு மூணு அஞ்சு ரூபா காச பக்கத்துல பக்கத்துல வச்ச அளவுக்கு, ஒரே நேரத்துல துடிச்சாத்தான் மண்டையோட்ட தாண்டி எங்க மெஷினுக்கு ஒழுங்கா தெரியும். அதுக்கு கொறஞ்சா உள்ள நடக்கும், வெளிய ஒரு கோடு கூட அசையாது.

இப்ப கை விஷயம். டெம்போரல் வலிப்புல பெரும்பாலும் எந்த பக்கத்துல வலிப்பு தொடங்குதோ அதே பக்கத்து கை பிசையும், எதிர்பக்கத்து கை முறுக்கி வெறைக்கும். அப்படி பாத்தா நீங்க எழுதினது இடது பக்கத்த காட்டுது. இது நான் தீர்ப்பா சொல்லல, ஆனா டாக்டர் இத கேட்டா அடுத்த ஈஈஜியிலயும் எம்ஆர்ஐலயும் எங்க உத்து பாக்கணும்னு அவருக்கு வழி கிடைக்கும். முடிஞ்சதும் அவரு பேச்சு குழறுதா, சாமான் பேரு வரமாட்டேங்குதா, எந்த கையால மூக்க தொடைக்குறாருன்னும் பாத்து வையுங்க, இதெல்லாம் பக்கம் சொல்லுற அடையாளம். முடிஞ்சா ஃபோன்ல வீடியோ எடுங்க. ஆளை பத்திரமா உக்கார வச்சுட்டு பெறவு எடுங்க.

பால்வெட்டு பத்தியும் கேக்கணும். ராத்திரி ரெண்டு மணி மூணு மணிக்கு தலையில லைட்ட கெட்டிக்கிட்டு போறவங்க ராத்திரி எத்தனை மணிக்கு படுக்குறாங்க? தூக்கம் கொறஞ்சா வலிப்பு அலை கூடும், இது எல்லா நரம்பு டாக்டரும் சொல்லுற விஷயம். அதனாலதான் சில சமயம் நாங்களே ராத்திரி தூங்காம வாங்கன்னு சொல்லி, வந்த பெறவு தூங்க வச்சு எடுக்குறோம். உங்க வீட்டுக்காரருக்கு அப்படி ஒரு ஈஈஜி எடுக்கலாமான்னு டாக்டர்ட்ட கேளுங்க. அவரு கையில பால்வெட்டு கத்தி இருக்குற வேலை, இருட்டுல சரிவான தோட்டத்துல தனியா நடக்குற வேலை. ஒரு முடிவு தெரியுற வரைக்கும் கூட ஒரு ஆளு இல்லாம போக வேண்டாம்.

மாமியார்ட்ட ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எனக்க சித்தி மகளுக்கு இதே மாதிரி வந்துச்சு, ரிப்போர்ட் நார்மல்னு வந்ததும் "மனசுல ஏதோ, கல்யாணம் ஆனா சரியாகும்"னு ஒருத்தரு சொல்லிட்டாரு, எங்க வீட்டுல மந்திரிச்சு கயிறு கெட்டினாவ, நாலு வருஷம் போச்சு. ஒரு நாள் அடுப்பு முன்னாடி நின்னுட்டு இருக்கும்போது வந்து கை வெந்த பெறவுதான் தூக்கத்துல வச்சு ஈஈஜி எடுத்தாவ. அதுல முதல் பத்து நிமிஷத்துலயே இருந்துச்சு. அந்த தழும்ப பாக்கும்போதெல்லாம் எனக்கு தொண்டை அடைக்கும், அந்த நாலு வருஷமும் நான் இதே வேலையில இருந்தேன்.

கேள்வி: மகனுக்கு 17 வயசு, பிளஸ் டூ. ரிப்போர்ட்ல இடது டெம்போரல் பகுதியில ஷார்ப் வேவ், இடைவிட்டு இடைவிட்டு ஸ்லோயிங்னு எழுதி இருக்கு. ஸ்லோன்னா மூளை மந்தம்னு அர்த்தமா? படிக்க வைக்கலாமா? (தக்கலை வாசகர்)

பதில்: சார், படிக்க வையுங்க. அந்த ஸ்லோவுக்கும் மந்தபுத்திக்கும் சம்பந்தம் இல்ல, அலையோட வேகத்த சொல்லுத வார்த்தை அது.

கொஞ்சம் விளக்கமா சொன்னாத்தான் உங்களுக்கு நிம்மதி வரும். மூளையில கோடிக்கணக்கான நரம்பு செல் கூட்டம் கூட்டமா சேந்து துடிக்கும்போது தலைத்தோல்ல சின்ன மின்சாரம் தெரியும். எவ்வளவு சின்னதுன்னா, டார்ச் பேட்டரி 1.5 வோல்ட், இது பெரும்பாலும் 10 மைக்ரோவோல்ட்ல இருந்து 100 மைக்ரோவோல்ட் வரைக்கும், ஒரு வோல்ட்ட பத்து லட்சம் பங்கா பிரிச்சா அதுல ஒண்ணுதான் ஒரு மைக்ரோவோல்ட். இத மனுஷன் தலையில இருந்து முதல்ல பதிவு பண்ணது ஜெர்மனியில ஜெனா ஊர்ல இருந்த ஹான்ஸ் பெர்கர்னு ஒரு மனநல டாக்டர், 1924ல. அஞ்சு வருஷம் கழிச்சு 1929லதான் வெளியிட்டாரு.

அலைய செகண்டுக்கு எத்தனை தடவை ஏறி இறங்குதுன்னு எண்ணி பேரு வச்சிருக்காங்க. 4க்கு கீழ டெல்டா, 4ல இருந்து 8 வரைக்கும் தீட்டா, 8ல இருந்து 13 வரைக்கும் ஆல்ஃபா, அதுக்கு மேல பீட்டா. ஆல்ஃபாவ பாக்குறதுக்கு எனக்கு இன்னும் அலுக்கல. "கண்ண மூடுங்க"ன்னு சொன்னதும் பின்மண்டை வயர்ல செகண்டுக்கு பத்து தடவை வரிசையா சீப்பு பல்லு மாதிரி எழும்பும், "தொறங்க"ன்னதும் அப்படியே படிஞ்சிரும். முழிச்சிருக்குற பெரிய ஆளுக்கு பின்மண்டையில அதுதான் இயல்பு. உங்க மகனுக்கு மத்த எடமெல்லாம் அப்படித்தான் இருக்கு, இடது காதுக்கு மேல மட்டும் அப்பப்ப தீட்டா, டெல்டா மாதிரி மெதுவான அலை வந்து போகுது. அந்த எடத்துல ஏதோ ஒரு தொந்தரவு இருக்குன்னு அது சொல்லுது. பழைய தழும்பா இருக்கலாம், பிறக்கும்போது மூச்சு முட்டினதா இருக்கலாம், நம்ம நாட்டுல நாடாப்புழு முட்டை வயித்துக்குள்ள போய் மூளையில கட்டி உண்டாக்குறதும் வலிப்புக்கு ஒரு பெரிய காரணம், சில சமயம் ஸ்கேன்ல ஒண்ணுமே இருக்காது. எதுன்னு எம்ஆர்ஐ பாத்துதான் சொல்லணும்.

ஷார்ப் வேவ்ங்கறது வேற. ஓடிட்டு இருக்குற அலைக்கு நடுவுல சட்டுனு ஒரு கூர்மையான முனை எழும்பும். 20ல இருந்து 70 மில்லிசெகண்டுக்குள்ள முடிஞ்சா ஸ்பைக்னு சொல்லுவோம், 70க்கு மேல 200 வரைக்கும் நின்னா ஷார்ப் வேவ். பின்னாலயே ஒரு மெதுவான அலை வால் மாதிரி இழுத்துட்டு வரும். ஒரு கூட்டம் செல் எல்லாம் ஒரே நேரத்துல பட்டுனு வெடிச்சு, உடனே பக்கத்துல இருக்குற செல்கள் அத அமுக்கி அடக்குறதுதான் அந்த வால். அதாவது உங்க மகனோட மூளை ஒவ்வொரு தடவையும் அத அடக்கிடுது. வலிப்பு இல்லாத நேரத்துல வர்ற இந்த முனைக்கு பேரு இடைநேர அலை, இது வரும்போது பையனுக்கு பெரும்பாலும் ஒண்ணுமே தெரியாது, பாடம் எழுதிட்டே இருப்பான்.

வலிப்பு வரும்போது கதை மாறும். ஒரு தடவை எனக்க ரூம்லயே வந்துச்சு, அத சொல்லுதேன். நடுத்தர வயசு ஆளு, படுத்திருந்தாரு. இடது டெம்போரல் வயர்ல முதல்ல அலை லேசா தட்டையாச்சு. பெறவு செகண்டுக்கு ஆறு தடவைன்னு ஒரே தாளத்துல தீட்டா தொடங்குச்சு, சின்னதா, ஒரே ரெண்டு வயர்ல மட்டும். அவரு கண்ண தொறந்து மேல பாத்தாரு. அலை உயரம் கூடிட்டே போச்சு, பக்கத்து வயருக்கும் பரவுச்சு, அப்பதான் நாக்க சுழட்டி சப்பு கொட்ட தொடங்கினாரு, இடது கை பெட்ஷீட்ட பிசைய தொடங்குச்சு. பேரு கேட்டேன், பதில் இல்ல. நாங்க அந்த நேரத்துல ஒரு வார்த்தை சொல்லி வைப்போம், பெறவு ஓர்ம இருக்கான்னு பாக்க. நான் "மரச்சீனி, மரச்சீனி"ன்னு ரெண்டு தடவை சத்தமா சொன்னேன். ஏறத்தாழ எழுபது செகண்ட்ல அலை அப்படியே அறுந்து விழுந்த மாதிரி நின்னுச்சு, பெறவு இடது பக்கம் முழுக்க மெதுவான பெரிய டெல்டா, களைச்சு போன மாதிரி. எனக்க பேனாவ காட்டி இது என்னன்னு கேட்டா அவருக்கு வார்த்தை வரல, "இது... எழுதுற... இது"ன்னாரு. நாலஞ்சு நிமிஷம் கழிச்சு பேனான்னு சொன்னாரு. மரச்சீனிய கேட்டேன், "யாரு சொன்னா?"ன்னு கேட்டாரு.

அந்த தாளம் தொடங்கி, வேகம் மாறி, உயரம் மாறி, எடம் பரவி, டக்குனு நிக்குறதுதான் வலிப்பு அலையோட அடையாளம். உங்க மகன் ரிப்போர்ட்ல இருக்குறது அது இல்ல, அதுக்க தீப்பொறி மட்டும்தான். மருந்து ஒழுங்கா கிடைச்சா வலிப்பு உள்ளவங்கள்ல 70 சதவீதம் பேரு வரைக்கும் வலிப்பே இல்லாம வாழ முடியும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அவன ராத்திரி பன்னெண்டு ஒரு மணி வரைக்கும் முழிச்சு படிக்க விடாதீங்க, காலையில எழும்பி படிக்கட்டும், அது மட்டும் கண்டிப்பா பாருங்க.

கேள்வி: ஈஈஜி எடுத்தா ஷாக் அடிக்குமா? அம்மா பயப்படுதாவ. (சுசீந்திரம்)

பதில்: அடிக்காது. மெஷின் தலைக்குள்ள எதையும் அனுப்பாது, தலையில இருந்து வர்றத கேக்க மட்டும்தான் செய்யும். நடுவுல மூணு நிமிஷம் மூச்ச ஆழமா இழுத்து விட சொல்லுவோம், லைட்ட மின்ன வைப்போம், தலை கொஞ்சம் கிறுகிறுக்கலாம். அவ்வளவுதான்.

கேள்வி: எனக்க அக்காவுக்கு மாசத்துக்கு ஒரு தடவை, பெரும்பாலும் அமாவாசைய ஒட்டி வலிப்பு வருது. எல்லாரும் வேற மாதிரி பேசுதாவ. வந்த உடனே கையில சாவிய கொடுத்தா நின்னுருது. இது உண்மையிலயே தீனம்தானா? (திங்கள்சந்தை வாசகர்)

பதில்: தீனம்தான் தம்பி. நீங்க கவனிச்ச "மாசத்துக்கு ஒரு தடவை"ங்கறதுல உண்மை இருக்கு, அமாவாசை மேல பழி போடுறதுலதான் தப்பு.

வெளிநாட்டுல சில பேருக்கு வலிப்பு தொடங்குற எடத்துலயே சின்ன மெஷின மண்டையோட்டுல பொருத்தி வருஷக்கணக்கா அலைய பதிவு பண்ணுறாங்க, அமெரிக்காவுல 2013ல அதுக்கு அனுமதி கிடைச்சுச்சு. அந்த மாதிரி 37 பேரோட பதிவ வச்சு 2018ல ஒரு ஆய்வு வந்துச்சு. நான் மேல சொன்ன அந்த இடைநேர முனை இருக்குல்லா, அது தினமும் ஒரே மாதிரி வர்றதில்ல. ஒரு நாளுக்குள்ளயே கூடி குறையும், அது போக பல நாள் சேந்து கடல் ஏத்தவத்தம் மாதிரி மெதுவா கூடி மெதுவா குறையும். அந்த சுத்து நிறைய பேருக்கு 20ல இருந்து 30 நாளுக்கு ஒரு தடவை. அலை கூடிட்டு போற ஏறுமுகத்துலதான் வலிப்பு அதிகமா வந்திருக்கு. ஆளுக்கு ஆளு அந்த நாள்கணக்கு வேற, ஆம்பளைங்களுக்கும் இருக்கு. பொம்பளைங்களுக்கு மாதவிடாய்க்கு முன்ன பின்ன ஹார்மோன் மாறும்போதும் வலிப்பு கூடும், ஈஸ்ட்ரோஜன் நரம்ப தூண்டும், புரோஜெஸ்டிரோன்ல இருந்து உண்டாகுற பொருள் அமர்த்தும், அந்த அமர்த்துறது சட்டுனு கொறையும்போது வரும். ஒரு காலண்டர்ல வலிப்பு வந்த நாளையும் மாதவிடாய் தொடங்குன நாளையும் ரெண்டு கலர்ல குறிச்சு மூணு நாலு மாசம் வையுங்க. டாக்டர் அத பாத்து மருந்த மாத்தி அமைக்க வழி இருக்கு.

சாவி விஷயம். பெரும்பாலான வலிப்பு ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல தானாவே நிக்கும். எழுபது செகண்ட்ல அறுந்து நின்னுச்சுன்னு சொன்னேன்லா, அப்ப எனக்க ரூம்ல யாரு கையிலயும் சாவி இல்ல. சாவி தேடி ஓடுற நேரத்துல அக்காவ ஒருக்களிச்சு படுக்க வையுங்க, தலைக்கு அடியில துணி வையுங்க, வாயில ஒண்ணும் திணிக்காதீங்க, தண்ணி ஊத்தாதீங்க, மணிய பாருங்க. அஞ்சு நிமிஷத்துக்கு மேல போனாலும், ஒண்ணு முடிஞ்சு தெளியாம அடுத்தது வந்தாலும் உடனே 108ஐ கூப்பிடுங்க.

கேள்வி: கடல் தொழில் செய்யுதேன். ரெண்டு வருஷமா மாத்திரை, ஒரு தடவை கூட வரல்ல. போன வாரம் எடுத்த ஈஈஜியும் நல்லா இருக்குன்னு சொன்னாவ. மாத்திரைய விட்டுறலாமா? தனியா வள்ளத்துல போகலாமா? (குளச்சல்)

பதில்: அண்ணாச்சி, உங்களா விடாதீங்க. அலை இல்லாதது நல்ல சேதிதான், ஆனா அது குணமாச்சுன்னு சொல்லுற சீட்டு இல்ல. இதுக்கு நேர் எதிராவும் நடக்கும், வலிப்பு முழுசா நின்ன ஆளுக்கு அலை தொடர்ந்து தெரிஞ்சிட்டே இருக்கும், ஏன்னா நிறைய மாத்திரை வலிப்பு பரவாம தடுக்குமே தவிர அந்த முனைகள அழிக்கிறதில்ல. அதனால டாக்டருங்க அலைய மட்டும் பாக்குறதில்ல, எம்ஆர்ஐ, எத்தனை வருஷம் வராம இருக்கு, எத்தனை மாத்திரை போட்டு நின்னுச்சு, என்ன தொழில்னு எல்லாத்தையும் சேத்து பாத்து, விடுறதா இருந்தாலும் மாசக்கணக்குல பைய பைய குறைப்பாங்க. சட்டுனு நிறுத்தினா ஒண்ணுக்கு பின்னால ஒண்ணா வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகும்.

தனியா போகவே வேண்டாம், மாத்திரை குறைக்குற காலத்துல கண்டிப்பா வேண்டாம். கரையில ஒரு நிமிஷம் ஓர்ம தப்பினா பக்கத்துல இருக்குறவரு பிடிச்சுக்குவாரு. கடல்ல அந்த ஒரு நிமிஷம் போதும். லைஃப் ஜாக்கெட் போடுங்க, கூட வர்றவங்கட்ட மறைக்காதீங்க, வந்தா என்ன செய்யணும்னு ரெண்டு பேருக்காவது சொல்லி வையுங்க. சொன்னா தொழிலுக்கு கூப்பிட மாட்டாவன்னு நீங்க பயப்படுறது எனக்கு புரியுது, ஆனாலும் சொல்லுங்க.

கேள்வி: எனக்கு ஃபோக்கல் வலிப்பு. பொண்ணு பாக்க வர்றாங்க. சட்டப்படி வலிப்பு இருந்தா கல்யாணம் செல்லாதுன்னு சொந்தக்காரரு ஒருத்தரு சொல்லுதாரு. (மார்த்தாண்டம் வாசகி, 26)

பதில்: அந்த சட்டம் மாறி ரொம்ப காலம் ஆச்சு. 1955 இந்து திருமணச் சட்டத்துல வலிப்ப ஒரு தடையா வச்சிருந்தாங்க, 1999ல திருத்தம் கொண்டுவந்து அத எடுத்துட்டாங்க. ஆனா மறைச்சு கட்டிக்காதீங்க. மாத்திரைய ஒளிச்சு ஒளிச்சு முழுங்க வேண்டி வரும், ஒரு நாள் விட்டுப்போகும், அன்னைக்கு வரும். எங்ககிட்ட அப்படி வந்த புதுப்பொண்ணுங்க நிறைய. குழந்தை பத்தி நினைக்கிறதுக்கு முன்னாடியே டாக்டர பாருங்க, சோடியம் வால்ப்ரோயேட் மாதிரி சில மாத்திரை வயித்துல இருக்குற பிள்ளைக்கு கெடுதல், வேற மாத்திரைக்கு முன்கூட்டியே மாத்தணும், ஃபோலிக் ஆசிட்டும் முன்னாடியே தொடங்குவாங்க. உங்களா எதையும் நிறுத்திராதீங்க.

கேள்வி: தம்பிக்கு மூணு மாத்திரை போட்டும் வாரம் ரெண்டு தடவை வருது. திருவனந்தபுரத்துல ஆபரேஷன் பண்ணலாம்னு சொல்லுதாவ. மூளையில கத்தி வைக்க பயமா இருக்கு. (ஆரல்வாய்மொழி)

பதில்: பயப்படாம முதல்ல பரிசோதனைக்கு போங்க, பரிசோதனைக்கு போனாலே ஆபரேஷன்னு அர்த்தம் இல்ல. சரியான ரெண்டு மருந்த சரியான அளவுல கொடுத்தும் நிக்கலேன்னா மருந்துக்கு அடங்காத வலிப்புன்னு சொல்லுவாங்க, அதுக்கு மேல மாத்திரைய கூட்டிட்டே போறதுல பலன் கொறவு. அந்த கட்டத்துல வருஷத்த தள்ளக்கூடாது. நம்ம ஜில்லாக்காரங்களுக்கு ஒரு பாக்கியம், ரயில் ஏறினா ரெண்டு மணி நேரத்துக்குள்ள திருவனந்தபுரம். அங்க ஸ்ரீ சித்திரா திருநாள் நிறுவனத்துல 1995ல இருந்து வலிப்புக்கு ஆபரேஷன் நடக்குது.

அங்க படுக்க வச்சு நாள்கணக்குல வீடியோவும் ஈஈஜியும் சேத்து ஓட்டுவாங்க. வலிப்பு வரணும்னே காத்திருப்பாங்க, சில சமயம் மருந்த அவங்களே குறைப்பாங்க. வீட்டுல வரக்கூடாதுன்னு நேர்ச்சை வச்சவங்க அங்க "இன்னும் வரலியே"ன்னு கவலைப்பட்டு உக்காந்திருப்பாங்க. முதல் அலை எந்த வயர்ல தொடங்குச்சு, அந்த நேரத்துல கை எப்படி போச்சு, எம்ஆர்ஐல எங்க தழும்பு, இது மூணும் ஒரே எடத்த காட்டினாத்தான் அறுவை பேச்சே. மூணும் ஒத்துப்போகலேன்னா உள்ளுக்குள்ள வயர் வச்சு பாக்க வேண்டி வரலாம், இல்ல வேண்டாம்னே சொல்லிருவாங்க. கனடாவுல 80 பேர வச்சு செஞ்ச ஒரு ஆய்வு 2001ல வந்துச்சு, டெம்போரல் வலிப்புக்கு ஆபரேஷனுக்கு ஒதுக்கின குழுவுல ஒரு வருஷம் கழிச்சு 58 சதவீதம் பேருக்கு ஓர்ம தப்புற வலிப்பு நின்னிருந்துச்சு, மாத்திரை மட்டும் எடுத்தவங்கள்ல 8 சதவீதம். இத தம்பிட்ட வாசிச்சு காட்டுங்க. முடிவு அவரு எடுக்கட்டும்.

கேள்வி: அடுத்த வாரம் அப்பாவுக்கு ஈஈஜி. என்ன செஞ்சுட்டு போகணும்? (கருங்கல்)

பதில்: தலைக்கு எண்ணெய் வேண்டாம். நம்ம ஊருல தேங்காண்ணெய் தேய்க்காத தலைய பாக்குறதே அபூர்வம், ஆனா எண்ணெய் இருந்தா வயரு ஒட்டாது, ஒட்டினாலும் அலைக்கு பதிலா குப்பையா வரும். முந்தின நாள் ராத்திரியே ஷாம்பு போட்டு நல்லா கழுவி காய வச்சுருங்க. நாங்க டேப் வச்சு மூக்குத்தண்டுல இருந்து பின்மண்டை முட்டு வரைக்கும் அளந்து, அதுல பத்து சதவீதம் இருபது சதவீதம்னு கணக்கு வச்சு பென்சில்ல குறிச்சு, ஒவ்வொரு எடமா தேய்ச்சு பசை வச்சு ஒட்டுவோம், 1958ல இருந்து உலகம் முழுக்க இதே கணக்குதான், அதனாலதான் இங்க எடுத்தத திருவனந்தபுரத்துல பாத்தாலும் புரியும். ஒட்டவே அரை மணி நேரம் ஆகும், பொறுமையா இருக்க சொல்லுங்க. பசை வெந்நீர்ல போயிரும்.

சாப்பிட்டுட்டு வாங்க, வெறும் வயிறு வேண்டாம். காலையில சாயா, காப்பி மட்டும் வேண்டாம். வழக்கமான மாத்திரைய போட்டுட்டே வரணும், டாக்டர் நிறுத்த சொல்லி இருந்தா மட்டும் வேற. என்னென்ன மாத்திரைன்னு சீட்டு கொண்டு வாங்க. அப்புறம், அப்பாவுக்கு வலிப்பு வந்தப்ப பக்கத்துல நின்னு பாத்தது யாரோ, அவங்கள கூட்டிட்டு வாங்க. பெரும்பாலும் பேரனோ அயல்வீட்டுக்காரரோ யாராவது சும்மா துணைக்குன்னு வருவாங்க, கேட்டா "எனக்கு தெரியாது, அம்மாதான் பாத்தாவ"ம்பாங்க. அம்மா வீட்டுல இருப்பாவ. அம்மாவ கூட்டிட்டு வாங்க.